டைம்கீப்பர் மாமாவின் இரண்டு கைகள்

போன மாதம் எங்கள் துறைமுகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வயதானவரின் படத்தைப் போட்டு, ‘காலமாகிவிட்டார், வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, சின்னப் பயல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யார் அண்ணாச்சி இவர், எந்த செக்‌ஷனில் இருந்தார், ரிட்டயர் ஆகி எத்தனை வருடம்? துறைமுகத்து ஆள் இல்லை, நடிகர் என்றேன். எந்தப் படம் என்றார்கள். சினிமா இல்லை, டிவி என்றேன். எந்தச் சேனல் என்றான் ஒருவன். கொழும்பு டிவி என்று எழுதியதும் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘அவருக்கு உலகத்துலயே ஒரு ரசிகர், அது நம்ம அண்ணாச்சிதான்’ என்று ஒரு பயல் எழுதினான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். போனைக் கட்டிலில் வீசிவிட்டுக் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். டீக்கடைக்காரரிடமும் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். திரும்பி வரும்போதுதான் தோன்றியது, அந்தப் பயல்கள் மேல் என்ன தப்பு? நான் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும். என் பிரிவு உபசாரத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னபோதும் மைக்கைக் கண்டு மிரண்டு, நன்றி வணக்கம் என்று உட்கார்ந்தவன் நான். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்பார். முப்பது வருடத்துக்கு மேல் கப்பல்களில் சிக்னல்மேன். இந்த வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மில்லர்புரத்தில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். சிக்னல்மேன் என்றால் இன்று பாதிப் பேருக்குப் புரியாது. கப்பலில் சரக்கு இருக்கிற கிடங்கு நாலு மாடி ஆழம் இருக்கும். அதன் வாயைச் சுற்றி இடுப்பளவு இரும்புச் சுவர். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பார். கிடங்கின் அடியில், அதுவும் ஓரங்களில், என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே சரக்கை வயரில் கட்டுகிற ஆட்களுக்கு அவரைத் தெரியாது. இரண்டு பக்கத்தையும் பார்க்கிற ஒரே ஆள் அந்தச் சுவர் ஓரத்தில் நிற்கிற சிக்னல்மேன். அவன் கை சொல்கிறதைத்தான் கிரேன் செய்யும்.

இப்போது கேமரா வந்துவிட்டது, காதில் மாட்டுகிற வயர்லெஸ் வந்துவிட்டது. நல்லதுதான். எனக்கு அதில் ஒரு பொறாமையும் கிடையாது. ஆனால் ஒன்றை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். முதல் வருடம் நடந்த ஒன்றைத் தவிர, இத்தனை வருடத்தில் என் கை தப்பாகக் காட்டி ஒரு மனிதனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கையை எனக்குக் கொடுத்தவர்தான் செத்துப்போன அந்த நடிகர்.

நான் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் கடற்கரைக்குச் சென்னை டிவி எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கத்துக் கொழும்பு டிவிதான் வரும். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே பெட்டி, தோணி முதலாளி வீட்டில் இருந்தது. உடைத்துப்போட்ட பழைய தோணியின் பாய்மரத்தை மாடியில் நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டியிருந்தார்கள். பெட்டி முதலாளியின் தம்பி ஹாங்காங்கில் வாங்கி வந்தது. படம் அவ்வளவு தெளிவாக விழும். சத்தம் மட்டும் வராது. எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வரும். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, அந்த ஊருக்குச் செய்த பெட்டிக்கு இந்தப் பக்கத்துச் சத்தம் ஒத்துவராது, உள்ளே ஒரு பாகத்தை மாற்றவேண்டும், அது மதுரையில்கூடக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். முதலாளியின் மனைவி இரைச்சல் தாங்காமல் சத்தத்தை முழுக்க அடைத்து வைத்துவிட்டார். ஆக, எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்த டிவி முழுக்க ஊமை டிவி.

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ் நாடகம் வரும். சிலோனில் ஏதோ ஒரு சின்ன ஊரின் பஸ் நிலையம்தான் கதை நடக்கிற இடம். அங்கே பஸ் வருகிற போகிற நேரத்தை எழுதுகிற டைம்கீப்பராக ஒருவர் வருவார். ஒல்லி உடம்பு, வழுக்கைத் தலை, காக்கிச் சட்டை. ஒவ்வொரு வாரமும் முதல் காட்சி ஒன்றுதான். இரண்டு சுவருக்கு நடுவில் இருக்கிற ஒரு குறுகலான சந்துக்குள் பஸ்ஸைப் பின்பக்கமாக வரவைத்து நிறுத்துவார். டிரைவர் எப்போதும் ஒரு மண்டூகம். பஸ்ஸுக்குப் பின்னால் கிழவியோ, கோழியோ, சைக்கிளோ ஏதாவது ஒன்று குறுக்கே வரும். அவர் பதற மாட்டார். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒரு கை மட்டும் எழும்பும், நாலு விரல் மடங்கும், பஸ் ஒரு முழம் வரும். கை மறுபடி வயிற்றில் வந்து சேரும். பஸ் நிற்கும். அதற்கப்புறம்தான் அடுத்த சைகை.

என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்களே வசனம் சொல்லிக்கொள்வோம். மற்ற நடிகர்கள் வாயை வாயை அசைத்துக் கையையும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு மண்ணும் விளங்காது. டைம்கீப்பர் மாமா மட்டும் பேசாமலே விளங்குவார். கோபமா, கிண்டலா, ‘சம்பளம் வரல, என்ன செய்ய’ என்கிற கவலையா, எல்லாம் அந்தக் கையில் இருக்கும். மறுநாள் தெருவில் மீன் வண்டி பின்னால் வந்தால் போதும், ஏழெட்டுப் பேர் வயிற்றில் கை கோர்த்து நிற்போம். என் தங்கச்சி அவரை என்னைவிட நன்றாகச் செய்து காட்டுவாள். அதில் எனக்குப் பொறாமை.

ஒரு வாரம் பஸ் பின்னால் வந்துகொண்டிருக்கும்போது அவர் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. கை வயிற்றில் கோர்த்தபடி இருக்கிறது. மூக்கு மட்டும் துடிக்கிறது. கண் ஈயைப் பார்க்கிறது, பஸ்ஸைப் பார்க்கிறது. ஈ மூக்கிலிருந்து உதட்டுக்கு நடந்து வருகிறது. பஸ் நின்று டிரைவர் இறங்கி, கதவைச் சாத்துகிற வரைக்கும், பஸ்ஸுக்குச் சைகை காட்டுவதற்குத் தவிர, கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு தன் முகத்தில் தானே ஓங்கி ஒரு அறை. நாங்கள் தரையில் விழுந்து புரண்டோம். ஒரு வாரத்துக்கு அந்த ஈயைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கொஞ்ச காலத்தில் அந்தப் பக்கம் கலவரம், சண்டை. நாடகம் நின்றுபோனது. நானும் நாலைந்து வியாழக்கிழமை போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். சொந்தத் தாய்மாமன் ஊரைவிட்டுப் போனமாதிரி இருந்தது.

துறைமுகத்தில் சேர்ந்ததும் சிக்னலை ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்று. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. சுழற்றுகிற விரலுக்கு மேல் மறு உள்ளங்கையைக் கூரைபோலப் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்தால், எல்லாம் இருக்கிறபடியே நிற்கட்டும். இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. இது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியுமே என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பில்தான் அடி விழுந்தது.

எங்கள் ஃபோர்மேன் காயல்பட்டினத்துக்காரர். எல்லாருக்கும் அவர் காக்கா; அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் படாத செருப்பு, சட்டைப்பையில் சின்ன வெற்றிலைப் பெட்டி. யாரையும் திட்டினதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் அந்த ஆளின் பெயரைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார், அவ்வளவுதான். காலையில் கப்பலடியில் நின்று பெயர் வாசிக்கும்போது உன் பெயர் எந்த வேலைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது உன் மரியாதை. அவர் திட்டினால்கூடத் தேவலை என்று ஏங்க வைத்துவிடுவார்.

அன்று மரக்கட்டைக் கப்பல். ஒவ்வொரு தடியும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கிரேனில் சண்முகையா அண்ணாச்சி, விளாத்திகுளத்துக்காரர், பருத்திக்காட்டை விட்டுவிட்டு வந்து கிரேன் பழகின மனிதர். கீழே கட்டுகிற ஆட்களில் லூர்து அண்ணன் இருந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தடி ஒரு ஆள் உயரம் எழும்பினபோது நான் கையைக் கோர்த்து நிறுத்தினேன். லூர்து அண்ணன் குனிந்து அடியில் கிடந்த வயரை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது மேலே வயரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒரு இழை தெறித்தது.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குப் பயம் வந்தால் கை என்ன செய்யும்? கேட்காமலே நெற்றிக்குப் போகும். பிறந்ததிலிருந்து பழகின கை. நான் சிலுவை போட்டேன். கூண்டிலிருந்து சண்முகையா அண்ணாச்சி பார்த்தது, கோர்த்த கை பிரிந்தது, மேலே போனது, கீழே வந்தது. அவர் இறக்கிவிட்டார்.

லூர்து அண்ணனுக்கு இடது காலில் இரண்டு விரல் போனது. அவர் விலக ஒரு விநாடி பிந்தியிருந்தால் தலை. நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சாயங்காலம் காக்கா வந்தார். கை எங்கே போனது என்று மட்டும் கேட்டார். பயத்தில் சிலுவை போட்டுவிட்டேன் காக்கா என்றேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மறுபடி மூடினார்.

“ஒன் ஆண்டவன்கிட்ட நீ பேசுனது சரிதான் தம்பி. கிரேன்காரனுக்கும்ல கேட்டுப் போச்சு.”

மறுநாளிலிருந்து என் பெயர் கிடங்குக்குள்தான் வாசிக்கப்பட்டது. தடி கட்டுகிற வேலை. பதினோரு மாதம். லூர்து அண்ணன் கால் ஆறி வேலைக்கு வந்ததும் காக்காவிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: “இவன் கை மேல நிக்கிற கப்பல்ல நான் எறங்க மாட்டேன் காக்கா. மிச்சம் எட்டு வெரலு எனக்கு வேணும்.” ஆட்கள் சிரித்தார்கள். அவர் வேறு குழுவுக்கு மாறிக்கொண்டார். தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுவார். அவர் மனைவி மட்டும் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கிடங்குக்குள் இருந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது. மேலே நிற்கிற சிக்னல்மேன் தலையைச் சொறிகிறான். வேர்வையைத் துடைக்கிறான். யாரோடோ கையை ஆட்டிச் சண்டை போடுகிறான். ஈ விரட்டுகிறான். கீழே தடிக்கு அடியில் நிற்கிறவனுக்கு ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிடிக்கிறது. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டைம்கீப்பர் மாமாவின் மூக்கில் உட்கார்ந்த ஈ எனக்கு ஞாபகம் வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்த விஷயம். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் பஸ் நிற்கிறவரை தன் கையைத் தனக்காக எடுக்கவில்லை. நான் அவருடைய சைகையை மட்டும்தான் பழகியிருக்கிறேன். சைகைக்கும் சைகைக்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்பதைப் பழகவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் பழகினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடையில் நிற்கும்போது, பூசையில் பிரசங்கம் கேட்கும்போது, வயிற்றில் கையைக் கோர்த்தால் எடுப்பதில்லை. கொசு கடித்தாலும் எடுப்பதில்லை. ‘சாமி முன்னால கூட இப்படியா வெறச்சுப்போய் நிப்ப’ என்று அம்மா திட்டினார். என் மனைவி கல்யாணமான புதிதில் இவருக்கு ஏதோ வயிற்றுக்கோளாறு என்றே நினைத்திருந்தாளாம்.

பதினோராவது மாதம் சர்க்கரை ஏற்ற ஒரு கப்பல் வந்தது. சர்க்கரைக் கப்பல் என்றால் சிக்னல்மேன்கள் ஓடி ஒளிவார்கள். அத்தனை ஈ, அத்தனை குளவி. காக்கா அன்று பார்த்து மேலே நிற்க என் பெயரை வாசித்தார். வேண்டுமென்றேதான். மத்தியானம் ஒரு குளவி என் காதில் கொட்டியது. கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, மூட்டை கிடங்குக்கு நடுவில் தொங்குகிறது. சிக்னலுக்குத் தவிர கை வயிற்றை விட்டு நகரவில்லை. மூட்டை தரையில் உட்கார்ந்து, கீழே ஆள் விலகி, கொக்கி காலியாக மேலே வந்த பிறகுதான் காதைத் தொட்டேன். வேலை முடிந்ததும் காக்கா வந்து காதைப் பார்த்தார், பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டார். மறுநாள் காலை என் பெயர் சிக்னலுக்கு வாசிக்கப்பட்டது. அதன் பிறகு மாறவே இல்லை.

இனி நான் சொல்ல வந்தது. பதினாலு வருடத்துக்கு முந்தைய கதை. மறுபடி மரக்கட்டைக் கப்பல்தான். காக்காவுக்குப் பணி முடிய இன்னும் சில மாதம் இருந்தது. கிரேனில் அதே சண்முகையா அண்ணாச்சி, தலை நரைத்துவிட்டது. அன்று எங்கள் குழுவில் ஆள் குறைந்ததால் வேறு குழுவிலிருந்து லூர்து அண்ணனை அனுப்பியிருந்தார்கள். ஏணியில் இறங்கும்முன் மேலே நிற்பது யார் என்று பார்த்தார். நான் நின்றேன். இரண்டு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு இறங்கினார். வீட்டில் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம், ஒரு நாள் வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

பதினோரு மணி இருக்கும். கிடங்கு ஓரத்தில் அடுக்கியிருந்த தடிகள் சரிந்தன. கிரேன் சும்மா நிற்கிறது, கட்டுகூடப் போடவில்லை, தானாகச் சரிந்தவை. மற்றவர்கள் தாவிவிட்டார்கள். லூர்து அண்ணன் இரண்டு தடிக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் விழ, ஒரு தடி அவர் தொடைமேல் உருண்டு நின்றது. அதன்மேல் இன்னொரு தடி, சும்மா ஒட்டிக்கொண்டு. மேல் தடியை முதலில் தூக்கலாம் என்றால், அது விட்ட நிமிடம் கீழ்த்தடி அவர் இடுப்புக்கு உருளும். கீழ்த்தடியின் ஒரு முனையை மட்டும் வயரில் பிடித்து, விரல்கடை அளவு தூக்கி, அந்த இடைவெளியில் மர ஆப்பை அடித்து, மறுபடி விரல்கடை அளவு தூக்கி, மறுபடி ஆப்பு. வேறு வழியில்லை. ஒரு விரல்கடை கூடினால் மேல்தடி அவர்மேல் விழும்.

அந்த நேரம் கப்பல்மேல் ஒரே கூச்சல். கப்பல் அதிகாரி இரண்டு பேர், ஏஜென்ட் ஆள், எங்கள் ஆட்கள் இருபது பேர், எல்லாரும் சுவரைச் சுற்றி நின்று கையை ஆட்டுகிறார்கள். மூன்று வாக்கிடாக்கியில் மூன்று பேர் கத்துகிறார்கள். சண்முகையா அண்ணாச்சி கூண்டுக் கண்ணாடி வழியாக எந்தக் கையைப் பார்ப்பார்? நான் காக்காவைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே வந்தார்.

முதலில் வாக்கிடாக்கிகளை வாங்கி அணைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எல்லாரும் கையைப் பின்னால் கட்டச் சொன்னார். கப்பல் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் கையைக் காக்காவே பிடித்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு ஃபோர்மேன் அவர். கப்பலுக்கு எஜமான்மாதிரி. அவர் கை பின்னால். என் கை மட்டும் முன்னால்.

“இப்ப இங்கன ஒரு கைதான் இருக்கு தம்பி. வேலையப் பாரு,” என்றார்.

வேலையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

கீழே லூர்து அண்ணனுக்கு நினைவு இருந்தது. மேலே யார் என்று ஆட்களிடம் கேட்டிருக்கிறார். கஸ்பார் என்றிருக்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அன்னைக்கு ரெண்டு வெரல எடுத்தான். இன்னைக்கு மிச்சத்தையாவது தந்துட்டுப் போகச் சொல்லு,” என்றாராம். அப்படிப்பட்ட நேரத்திலும் அந்த வாய் அடங்கவில்லை.

ஆரம்பித்தோம். வலது விரலுக்கு மேல் இடது உள்ளங்கை. மெதுவாக ஏற்று. வயர் விறைக்கிறது. கை வயிற்றுக்கு. நில். கீழே சுத்தியல் சத்தம், ஆப்பு இறங்குகிறது. ஆப்படித்தவன் விலகி என்னைப் பார்த்துத் தலையசைக்கிறவரை நான் கையை எடுப்பதில்லை. மறுபடி விரல், மறுபடி வயிறு. ஒவ்வொரு தடவையும் சண்முகையா அண்ணாச்சி என் கை வயிற்றுக்கு வந்ததைப் பார்த்துக் கூண்டில் தானும் லீவரை விட்டுவிட்டுக் கையைக் கோர்த்துக் காட்டினார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சிக்னல். எனக்கு அவ்வளவு தெம்பைக் கொடுத்தது.

பாதி தூக்கியிருப்போம். வயரில் ‘டிக்’.

சுவரைச் சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் அத்தனை பேரின் உடம்பும் ஒரு குலுக்குக் குலுங்கியது. யார் யாரோ வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டார்கள். என் வலது கை என்னைக் கேட்காமல் கிளம்பப் பார்த்தது. இந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது, கை கிளம்பத்தான் பார்த்தது. இடது கை அதைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சுக்குள் ஜெபம் ஓடுகிறது, வாய்கூட முணுமுணுக்கிறது. ஆனால் லூர்து அண்ணன் மனிதர்களில் என் ஒருவனை நம்பித்தான் கிடக்கிறார். கடவுளிடம் பேசக் கை வேண்டியதில்லை. சண்முகையா அண்ணாச்சியிடம் பேச அது வேண்டும். நான் கண்ணை மட்டும் மேலே தூக்கி வயரைப் பார்த்தேன். ஒரு இழைதான், மற்றவை உறுதியாக இருந்தன. கண்ணைக் கீழே இறக்கினேன். ஆப்படிக்கிறவன் தலையசைத்தான். விரல் எழும்பியது.

முக்கால் மணி நேரம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். தொடைக்கும் தடிக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம் கிடைத்ததும் அவரை இழுத்து எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் மேலே வந்து, என்னைத் தாண்டிப் போய், கரையில் ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் கையைப் பிரித்தேன். அதற்குப் பிறகு சிலுவை போட்டேன். பக்கத்தில் காக்கா இன்னும் கையைப் பின்னால் கட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

லூர்து அண்ணனுக்குக் கால் பிழைத்தது. கொஞ்சம் சாய்த்து நடப்பார், அவ்வளவுதான். மகள் கல்யாணத்துக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். பத்திரிகை வைக்க அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் காப்பி குடித்துக்கொண்டே, அந்த நேரத்தில் எப்படி அசையாமல் நின்றாய் என்று கேட்டார். அவருக்கும் எங்கள் வயதுப் பிள்ளைகளைப்போல அந்த ஊமை டிவி தெரியும்; வளர்ந்த பையனாக, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர். நான் ஈயைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆள் அவர்தான்.

போன மாதம் காக்காதான் காயல்பட்டினத்திலிருந்து போன் செய்தார். அவருடைய மகன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். அவர் மூலமாகச் செய்தி வந்திருக்கிறது. “ஒன் உஸ்தாது மவுத்தாயிட்டாராம் தம்பி, கனடாவுல,” என்றார். ஈயின் கதை தெரிந்ததிலிருந்து அவரை என் உஸ்தாது, அதாவது குரு, என்றுதான் காக்கா சொல்வார். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பினார். அதில்தான் டைம்கீப்பர் மாமாவின் பெயரே எனக்குத் தெரிந்தது. இராசநாயகம். கடைசிக் காலத்தில் யாரோ எடுத்த பேட்டி. இத்தனை வருடம் கழித்து முதல்முதலாக அவர் குரலைக் கேட்டேன். கீச்சுக்குரல்! நான் மனதுக்குள் கொடுத்திருந்த கம்பீரமான குரல் எங்கே, இது எங்கே. என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. பேசும்போதும் அவர் இரண்டு கையும் மடியில் கோர்த்தபடி இருந்தன. பெட்டியில் சத்தம் ஒழுங்காக வந்திருந்தால் நாங்கள் குரலைத்தான் கேட்டுச் சிரித்திருப்போம், கையை யார் பார்த்திருப்பார்?

வீடியோவை லூர்து அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். கிளம்பு, மாதா கோவிலுக்குப் போவோம், அவர் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கவேண்டும் என்றார். அவர் நம்மைப்போல வேதக்காரரா என்றுகூடத் தெரியாதே அண்ணே என்றேன். அதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ சட்டையைப் போடு என்றார்.

கோவில் ஆபீஸில் பூசைக்கு எழுதுகிற கணக்கர் புதிதாக வந்த இளைஞர், நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். இறந்தவர் பெயர் கேட்டார். இராசநாயகம் என்றோம். நம் பங்குக் கோவிலைச் சேர்ந்தவரா என்றார். இல்லை, சிலோன் என்றோம். ஞானஸ்நானப் பெயர் கேட்டார். தெரியாது என்றோம். எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்றார். டிவியில் பார்த்தது, ஏழாம் வகுப்பில், என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாமியாரைக் கேட்காமல் எழுத முடியாது, காலைப் பூசையில் பெயரை மைக்கில் வாசிப்போம், உறவு என்ன என்று ஜனங்கள் கேட்பார்கள், நான் என்ன சொல்ல என்றார். நான் சாமியாரையே பார்த்துப் பேசலாம் என்று திரும்பினேன்.

லூர்து அண்ணன் நகரவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

“தம்பி, பதினாலு வருசத்துக்கு முன்னால ஒரு காலைப் பூசையில நீங்க எம்பேர வாசிச்சிருக்கணும். வாசிக்கல. வாசிக்க விடாம செஞ்சது இவருதான். அன்னைக்கு எம்பேருக்கு வச்சிருந்த எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. அதுல இவரு பேர எழுது.”